பானை வனையக் கற்கப் போங்கள், படம் பிடிக்கப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கோடை சீசன் நெருங்குகிறது. ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்கா காய்கறிக் கண்காட்சி ஆகியவற்றோடு பழங்குடியினர் கிராமங்களையும் சேர்த்து ஒரு சுற்றுலாப் பேருந்து விடலாம் என்றும், கோத்தர் பழங்குடிப் பெண்களைப் பயணிகள் முன்னால் பானை செய்துகாட்டச் சொல்லலாம் என்றும் உங்கள் பத்திரிகையில் போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த யோசனை அப்படியே நடந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்த மண்ணைக் கையால் பிசைந்தவள் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மேட்டுப்பாளையத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். புளிக்குழம்பும் மீன் குழம்பும் எங்கள் கடையில் மண்சட்டியில்தான் வைக்கிறோம். அதனால் சட்டி வாங்குவது எனக்குப் பெரிய வேலை. விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் வேக்காடு போதவில்லை, அல்லது எங்கோ கீறல் ஓடியிருக்கிறது. வாங்கி வந்த சட்டியில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்துப் பழக்கி, அப்புறம் வடிகஞ்சியைக் காய்ச்சி இறக்கி, அதன் பிறகுதான் குழம்புக்கு எடுப்பேன். சாலையோரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து அடுக்கி வைத்திருப்பவற்றை அழகுக்கு வாங்கலாம், அடுப்பில் ஏற்றக் கூடாது.

எங்கள் மெஸ்ஸில் மதியம் சாப்பிட வரும் ஒரு தம்பி வங்கியில் வேலை பார்க்கிறார். கோத்தகிரிப் பக்கத்துக் கோத்தர் ஊர்க்காரர். ஒரு நாள் நான் சட்டியைச் சுண்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “எங்க அம்மாவும் பெரியம்மாவும் பானை செய்வாங்க அக்கா, வந்து பாருங்களேன்” என்றார். பார்க்க மட்டும் வரமாட்டேன், சொல்லிக்கொடுத்தால் வருகிறேன் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அம்மாவைக் கேட்க வேண்டும், ஊர்ப் பெரியவர்களையும் கேட்க வேண்டும் என்றார். பதில் வர ரொம்ப நாளானது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை வீட்டுக்குள் விட்டுக் கைத்தொழிலைச் சொல்லித்தருவது என்றால் யாரும் யோசிக்கத்தானே செய்வார்கள்?

கோத்தரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நீலகிரியில் அவர்களுக்கு ஏழு ஊர்கள் இருக்கின்றன. தோடர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கரோடு சேர்த்து தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த ஆறு பழங்குடிகளில் ஒன்றாக அரசு வகைப்படுத்தியிருக்கிறது. எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம். ஆனால் ஒரு காலத்தில் இந்த மலைக்கே அவர்கள்தான் கைவினைஞர்கள். இரும்பு வேலையும் மர வேலையும் ஆண்கள் பார்த்தார்கள், பானை பெண்கள் செய்தார்கள். தோடரிடமிருந்து நெய், படுகரிடமிருந்து தானியம், குறும்பரிடமிருந்து தேனும் காட்டுப் பொருளும் வரும். கோத்தரிடமிருந்து அரிவாள், மண்வெட்டி, பானை, அதோடு சாவுக்கும் விழாவுக்கும் வாசிக்கும் இசை போகும். பணம் கை மாறாமலே தலைமுறை தலைமுறையாக நடந்த கொடுக்கல் வாங்கல் இது. சந்தையும் அலுமினியப் பாத்திரமும் வந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோனது. இன்று அந்த ஊர்களில் படித்தவர்களும் அரசு வேலைக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள். பானை செய்யத் தெரிந்த கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.

நான் போன ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. வரிசையாக வீடுகள், நடுவில் சாமி இடம். அந்தப் பக்கம் செருப்போடு போகக் கூடாது என்று தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் நாள் சக்கரத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. தம்பியின் அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு சாக்கை விரித்து, காய்ந்த மண்கட்டிகளைக் கொட்டினார். கட்டையால் நுணுக்கி, கல்லையும் வேரையும் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு மணி நேரம் கழித்து வந்தவர், நான் சுத்தம் செய்து வைத்ததில் ஒரு பிடி அள்ளி விரல் நடுவே தேய்த்தார். கடுகளவு கல் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “இது உள்ளே இருந்தா சூட்டுல வெடிச்சு பானையக் கொண்டுபோயிடும்” என்றார். எனக்கு அரிசியில் கல் பொறுக்கி நாற்பது வருடப் பழக்கம். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் மண் நிறக் கல்லைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊறிய மண்ணில் மணலைக் கலக்கும்போது நான் அளவு கேட்டேன். அளவெல்லாம் இல்லை, மண்ணைப் பொறுத்தது என்றார். ஒரு உருண்டையை விரல் கனத்துக்குத் திரித்து வளைத்துக் காட்டினார். அது விரிசல் விட்டால் மணல் அதிகம். வழுவழுவென்று கையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் மணல் வேண்டும். மணல் எதற்கு என்று என் மகள் பிறகு விளக்கினாள், அவள் வேதியியல் படிக்கிறாள். களிமண் காயும்போது சுருங்கும். மணல் சுருங்காது. அது நடுநடுவே நின்று ஈரம் வெளியேற வழி விட்டு, பானை ஒரேயடியாக இழுத்துக்கொண்டு பிளக்காமல் பார்த்துக்கொள்கிறது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது தலையாட்டிவிட்டு, “அதான் திரிச்சுப் பாக்கறோம்” என்றார்.

பிறகு பிசைவது. பரோட்டாவுக்கு மாவு பிசைகிற மாதிரி உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடியும் தள்ள வேண்டும். இதில் மட்டும் நான் புதியவள் இல்லை. என் கையைப் பார்த்துவிட்டு அவர் தன் அக்காவிடம் கோத்தர் மொழியில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று தம்பியைக் கேட்டேன். “கை வேலைக்காரி கை” என்றாராம். எந்தச் சான்றிதழும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

சக்கரம் மறுநாள் வந்தது. தரையோடு தரையாக இருக்கும் சிறிய சக்கரம், கையால் தள்ளிச் சுற்ற வேண்டும். மின்சாரச் சக்கரம் மாதிரி வேகம் கிடையாது. அதனாலேயே ஒவ்வொரு அசைவும் கண்ணுக்குத் தெரிகிறது. மண் உருண்டையை நடுவில் அடித்து உட்காரவைத்து, நனைந்த கையால் அணைத்து மையம் பிடிப்பார். மண் ஆடுவது நின்றதும் கட்டைவிரலை நடுவில் இறக்குவார். அந்தக் கட்டைவிரலைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நகம் தேய்ந்து, ஓரம் வளைந்து, பானைக் கழுத்துக்கென்றே அமைந்த விரல் போல இருந்தது. உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, நடுவில் மண் மெல்லிசாகி மேலே எழும்புகிறது. விளிம்புக்கு வந்ததும் ஈரத் துணியை இரண்டாக மடித்து வாய்மேல் போட்டு, சக்கரத்தை ஒரே ஒரு தள்ளு தள்ளுவார். சக்கரம் நிற்பதற்குள் விளிம்பு உருண்டு திரும்பிவிடும்.

சக்கரத்திலிருந்து இறக்கியது பானை ஆகிவிடாது. கொஞ்சம் இறுகிய பிறகு மடியில் வைத்து, உள்ளே ஒரு வழவழப்பான கல்லைக் கொடுத்து, வெளியே மரத்தட்டுப் பலகையால் தட்டித் தட்டி அடிப்பாகத்தைக் கூட்டி எடுக்க வேண்டும். கல் நிற்கும் இடத்துக்கு நேராகப் பலகை விழ வேண்டும். சட்டியின் அடி ஏன் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பது அடுப்படியில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். கனம் மாறினால் சூடு மாறும், குழம்பு ஒரு பக்கம் அடிப்பிடிக்கும். தட்டும் சத்தத்தைக் கேட்டே அவர் எந்த இடம் இன்னும் தடிப்பாக இருக்கிறது என்று சொன்னார். கடையில் சட்டியைச் சுண்டிக் கேட்கிறோமே, அந்தக் காது வேலை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

உலர்த்துவதுதான் மலையில் பெரும்பாடு. சமவெளிக் குயவருக்கு வெயில் அதிகமாகிவிடுமோ என்ற கவலை. இங்கே மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடுகிறது. கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலமாகப் பெய்யும். அந்த மாதங்களில் பானை செய்கிற பேச்சே கிடையாது. வீட்டுக்குள் நிழலில், நாளுக்கு நாள் திருப்பி வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் சுட எடுப்பார்கள். கொஞ்சம் ஈரம் உள்ளே இருந்தாலும் நெருப்பில் அது நீராவியாகிப் பானையைப் பிளந்துவிடும். அதனால் சுடும்போதும் முதலில் நெருப்பை எட்டவே வைத்துச் சூடேற்றுகிறார்கள். வெகு நேரம் புகை மட்டும்தான். அப்புறம்தான் விறகும் காய்ந்த புல்லும் நெருங்கி வருகின்றன. சுமார் 600 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் மண் மறுபடி தண்ணீரில் கரையாத பொருளாக மாறுகிறது என்று மகள் சொன்னாள். அங்கே அதற்கு வெப்பமானி இல்லை. குவியலின் இடுக்கில் தெரியும் சிவப்பு எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று அந்த இரண்டு அம்மாக்களும் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை பட்ட இடம் கறுத்தும், காற்றுப் பட்ட இடம் சிவந்தும் வெளியே வந்தன. நான் செய்த சின்னச் சட்டியும் அதில் இருந்தது. இப்போது மெஸ்ஸில் அதில்தான் ரசத்துக்குப் புளி ஊறுகிறது.

இனி நான் எழுத வந்த விஷயம். சக்கரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், எங்கிருந்தோ ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். யார் அனுப்பியது என்று நான் எழுதப் போவதில்லை. யாரிடமும் கேட்காமல் சாமி இடம் வரைக்கும் போய்விட்டார்கள். ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு, அந்த அம்மாவிடம் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வந்து மறுபடியும் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார், அப்போதுதான் படம் நன்றாக வருமாம். இன்னொருவர் சுட்டு வைத்திருந்த பானையைத் தூக்கி விலை கேட்டு, சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டார். அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. சக்கரத்தைக் கையால் நிறுத்தினார், பாதி எழும்பிய பானையை உள்ளங்கையால் அழுத்தி மறுபடி உருண்டையாக்கினார், ஈரச் சாக்கை எடுத்து மூடினார், வீட்டுக்குள் போய்விட்டார். அன்றைக்கு வேலை அதோடு முடிந்தது. “வர்றவங்க எங்களப் பாக்க வரட்டும், நாங்க வேண்டாம்னு சொல்லல. எங்கள நிக்க வெச்சுப் பாக்கறதுதான் வேண்டாம்” என்றார் அவருடைய அக்கா.

பேருந்தில் கூட்டமாக வந்து அரை மணி நேரம் செய்துகாட்டல் பார்த்துவிட்டுப் போனால் நடப்பது இதுதான். அரை மணியில் பானை செய்ய முடியாது. அதனால் முன்பே பிசைந்த மண்ணில் ஏதோ ஒன்றை எழுப்பிக் காட்டி, கைதட்டல் வாங்கி, மறுபடி அழுத்திவிட வேண்டியிருக்கும். நாளைக்குப் பல தடவை அதையே செய்தால் அது தொழிலும் இல்லை, கலையும் இல்லை. அந்த வீட்டுப் பேத்திகள் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்? பாட்டி வெளியாட்களுக்கு வேடிக்கை காட்டுகிறாள் என்றுதான் மனதில் பதியும்.

வகுப்பு என்றால் கதையே வேறு. இரண்டு மூன்று பேர், சேர்ந்தாற்போல் சில நாட்கள், அந்த வீட்டுக்கு எப்போது தோதோ அப்போது. மண் பொறுக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் முதல் நாளே கழன்றுகொள்வார்கள், அதுவும் நல்லதுதான். கூலியை அந்தப் பெண்களே சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லித்தந்த நாட்களில் அவர்கள் தங்கள் தேயிலையைப் பறிக்கப் போகவில்லை, காய்கறித் தோட்டத்துக்கும் போகவில்லை. ஒரு நாள் கற்றுக்கொடுத்தால் அந்த இழப்பையும் ஈடுகட்டி, அதற்கு மேல் வாத்தியார் சம்பளமாக ஏதாவது கையில் நிற்க வேண்டும். பாட்டு டீச்சரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை, இங்கேயும் பேசக் கூடாது. பணத்தை இடைத்தரகர் கையில் கொடுக்காமல் அந்த அம்மா கையில் கொடுங்கள்.

நான் அங்கிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிப்பவள், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஒருத்தி பணம் கொடுத்து வந்து கற்றுக்கொள்கிறாளே என்று அவளுக்கு ஆச்சரியம். இரண்டு நாள் கழித்து அவளே என் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை எடுத்தாள். என்னைவிட அவளுக்கு வேகமாக வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெளியூர்க்காரர்களுக்கான வகுப்பால் உண்மையான லாபம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் வகுப்பே கூடாது என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஏரி, குளங்களிலிருந்து வண்டல் மண்ணும் களிமண்ணும் இலவசமாக எடுக்க மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அனுமதி உண்டு. 2024-ல் வட்டாட்சியர் மட்டத்திலேயே அனுமதி வாங்கலாம் என்று அதை எளிதாக்கினார்கள். சமவெளிக்கு அது நல்ல ஏற்பாடு. மலையில் பானை மண் கிடைப்பது ஏரியில் அல்ல, பள்ளத்தாக்கில் தண்ணீர் நிற்கும் சில இடங்களில் மட்டும்தான். அந்தப் பள்ளங்கள் தேயிலையாகவும் கட்டடமாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. சாமி கும்பிடும் மார்கழி, தை மாத நாட்களில் புதுப்பானையில்தான் சமைப்போம், அதற்கு மண் எடுப்பதே ஒரு சடங்கு என்று அந்த அம்மா சொன்னார். மண் எடுக்கும் இடம் போனால் சடங்கும் சேர்ந்து போகும். ஏழு ஊருக்கும் மண் எடுக்கும் இடம் எது என்று ஊரைக் கேட்டு வருவாய்த்துறை பதிவேட்டில் ஏற்றி, வேறு எதற்கும் கொடுக்காமல் காப்பாற்ற வேண்டும். தோடர் பூத்தையலுக்கு 2013-லும் மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. கோத்தர் பானைக்கும் கேட்கலாம்தான், ஆனால் முதலில் மண் வேண்டும்.

அப்புறம், 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களில் ஊட்டிக்கு வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துத்தான் வருகிறார்கள். பிளாஸ்டிக் கொண்டுவராதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறோம். அதே இடத்தில், பழங்குடியினர் ஊருக்குள் அனுமதி கேட்காமல் போகாதீர்கள், கோயில் பக்கம் படம் எடுக்காதீர்கள் என்றும் இரண்டு வரி சேர்ப்பதில் என்ன செலவு? கோத்தர் பானைகளைப் பார்க்க மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்கு ஊட்டிக்குப் பக்கத்தில் எம்.பாலாடா முத்தோரையில் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம், யாருடைய வேலையும் கெடாது. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கவும், எந்த ஊரில் எந்த வீடு அந்த மாதம் சொல்லித்தரத் தயார் என்று தெரிந்துகொள்ளவும் அந்த மையமே ஒரு பதிவேடு வைக்கலாம். யாரும் தயாரில்லை என்றால் அந்த மாதம் வகுப்பு இல்லை, அவ்வளவுதான்.

பேருந்து யோசனையை எழுதிய வாசகரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். அவருக்கு மண்ணில் ஆசை இருப்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. அவர் மேட்டுப்பாளையம் வந்தால், அந்தத் தம்பியிடம் சொல்லி ஊரில் கேட்டுப் பார்க்க நான் தயார். பதில் வர நாளாகும். மாசி, பங்குனியில் வெயில் நன்றாக இருக்கும், அப்போது வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளட்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வரச் சொல்லுங்கள், நீண்ட நகம் பானைக் கழுத்தைக் கீறிவிடும்.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் ஒரு வாசகி,
மேட்டுப்பாளையம்.